கடைப் பெயர், லேபிள், கூட்டு, பாக்கி: சிறுதொழில்காரர்கள் கேட்கும் சட்டக் கேள்விகள்

ஊறுகாய் போடுகிறவர், தையல் யூனிட் நடத்துகிறவர், சேர்ந்து ஓட்டல் வைத்த அண்ணன் தம்பி என்று வக்கீலாக நான் பார்க்கும் சிறுதொழில்காரர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஒன்று, வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு. இல்லையென்றால், பக்கத்துத் தெருவில் அதே பெயரில் போர்டு ஏறிய பிறகு. வரும்போது கையில் கோபம் நிறைய இருக்கிறது, தாள் குறைவாக இருக்கிறது. நான் முதலில் கேட்பது தாளைத்தான்.

அவர்கள் அதிகம் கேட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே. எல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. கட்டணங்கள் மாறலாம், பணம் கட்டும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, உத்யம் சான்றும் வாங்கிவிட்டேன். அப்படியென்றால் பெயர் என்னுடையதுதானே?

இல்லை. இந்த மூன்றில் எதுவும் பெயரின் மேல் உரிமை தராது. ஜிஎஸ்டி வரிக்கானது, உணவுப் பாதுகாப்பு உரிமம் சுத்தத்துக்கானது, உத்யம் நீங்கள் சிறுதொழில் என்று காட்டுவதற்கானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவே பதிவு செய்து அந்தப் பெயர் கிடைத்திருந்தாலும் கதை இதுதான். கம்பெனிப் பதிவு அலுவலகம் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது என்பதால், அதே பெயரில் முன்பே வியாபாரம் செய்பவர் உங்களை நிறுத்த முடியாது என்று ஆகிவிடாது.

பெயருக்கும் சின்னத்துக்கும் உரிய சட்டம் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். எல்லோரும் டிரேட்மார்க் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் அந்தச் சான்றுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த வருடத்திலிருந்து அந்தப் பெயரில் தொழில் நடக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய நாளில் இவைதான் பேசும்.

முப்பது வருடமாக நடத்துகிறோம், பதிவே செய்யவில்லை. நேற்று வந்தவர் பதிவு செய்துவிட்டார். எங்கள் உரிமை போய்விட்டதா?

போகவில்லை. இந்தியச் சட்டத்தில் முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவர் பெரியவர். பலருக்கு இது தெரியாததால், பதிவுச் சான்றின் நகலை எதிராளி நீட்டியதுமே பயந்து போர்டை இறக்கிவிடுகிறார்கள்.

நம் ஊர் வழக்கு ஒன்றே இதற்கு நாடு முழுக்க மேற்கோளாக ஆகியிருக்கிறது: திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம் சிறிது நேரம் மட்டும் திறக்கும் அந்தக் கடை 1900-லிருந்து நடப்பதாகச் சொல்லிக் குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். வேறொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று பெயர் வைத்து விற்றார். பழைய கடையிடம் டிரேட்மார்க் பதிவு இருந்தது. பிறகு எதிர்த்தரப்பும் தன் பெயருக்கு ஒரு பதிவை வாங்கிவிட்டது. ‘என்னிடமும் பதிவு இருக்கிறதே, இரண்டு பதிவுதாரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட முடியாதே’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது, அவ்வளவுதான். முந்தைய பயன்பாட்டால் வந்த உரிமை பிந்தைய பதிவைவிட மேலானது என்று சொல்லிப் பழைய கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் 34-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்து பதிவு செய்தவர், நீங்கள் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வரும் பெயரைத் தடுக்க முடியாது.

சரி, அப்படியென்றால் பதிவு எதற்கு? பதிவு இல்லாதவர் நீதிமன்றத்தில் தன் பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது, எதிராளி அதைப் பார்த்து மக்கள் ஏமாறும்படி செய்கிறார், அதனால் தனக்கு நஷ்டம் என்று மூன்றையும் சாட்சியத்தோடு காட்ட வேண்டும். பதிவு இருப்பவருக்குச் சான்றே பாதி வேலையைச் செய்துவிடும். அதோடு, தெரிந்தே சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பின்னால் வந்தவர் பதிவு செய்துகொண்டு நல்லெண்ணத்தோடு பயன்படுத்தி வருகிறார், நீங்கள் அதைத் தெரிந்துகொண்டே 5 வருடம் தொடர்ந்து பேசாமல் இருந்தீர்கள் என்றால், அதன்பின் அந்தப் பதிவை நீக்கக் கேட்பதோ பயன்பாட்டைத் தடுப்பதோ முடியாமல் போகும்.

எந்தெந்தத் தாள்களை வைத்திருக்க வேண்டும்?

தேதியும் கடைப் பெயரும் ஒன்றாக இருக்கும் எதையும். பழைய பில் புத்தகம், லேபிள் அச்சடித்த பிரஸ்ஸின் ரசீது, போர்டு எழுதியவருக்குக் கொடுத்த பணத்தின் சீட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த தீபாவளி விளம்பரம், மாநகராட்சி உரிமம், மின் இணைப்புக் கடிதம், கடைத் திறப்பு விழா அழைப்பிதழ். அழைப்பிதழைச் சிரித்துக்கொண்டே ஒதுக்காதீர்கள். தேதி, இடம், பெயர் மூன்றும் அச்சில் இருக்கும் அதைவிட நல்ல தாள் சிறு கடைக்காரரிடம் வேறு எது இருக்கிறது?

ஏழெட்டு வருடம் ஆனதும் பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வருமான வரிக்கு அது போதும். பெயருக்குப் போதாது. ஒவ்வொரு வருடத்துக்கும் நாலைந்து பில், ஒரு லேபிள், ஒரு விளம்பரம் என்று எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். செல்போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

டிரேட்மார்க் பதிவு எப்படி, எவ்வளவு, எத்தனை நாள்?

விண்ணப்பம் ஆன்லைனில். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, நேரில் போக வேண்டிய தேவை அபூர்வம். தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் சான்று உள்ள சிறுதொழில் என்றால் ஒரு வகுப்புக்கு (வகுப்பு என்றால் என்ன என்று அடுத்த கேள்வியில்) அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. இது அரசுக்குப் போவது மட்டும், வக்கீல் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி.

விண்ணப்பம் போட்டதும் அலுவலகம் பரிசோதித்து அறிக்கை அனுப்பும். ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். நிறைய விண்ணப்பங்கள் இங்கேதான் சாகின்றன. பதில் ஏற்கப்பட்டால் வாராவாரம் வெளிவரும் டிரேட்மார்க் இதழில் உங்கள் சின்னம் வரும். அதிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் சான்று. எல்லாம் சீராகப் போனாலும் ஒரு வருடத்தை ஒட்டி எதிர்பாருங்கள். ஆனால் சான்று வந்ததும் உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்காகும். 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை மட்டும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கட்டம். பழைய தேதி போட்டால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும். அந்த வேலையைத் தவிர்க்கப் பலர் ‘இனிமேல் பயன்படுத்த உத்தேசம்’ என்று போட்டுவிடுகிறார்கள். பதினெட்டு வருடமாகச் சேவு விற்கும் கடைக்கு அப்படிப் போட்ட விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு வழக்கில் எதிராளி அந்த ஒரு வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுவார்: ‘இவரே இன்னும் தொடங்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே!’ உங்கள் பெரிய பலத்தை நீங்களே எழுதிக் கொடுத்து இழக்காதீர்கள்.

வகுப்பு என்றால் என்ன? எனக்கு எத்தனை வேண்டும்?

சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாத் தூள், காபி, இனிப்பு 30-ல் வரும். ஊறுகாய், சமையல் எண்ணெய், பால் பொருள்கள் 29-ல். ஓட்டல் நடத்துவது 43. துணிமணி 25. கடை வைத்துப் பலருடைய பொருள்களை விற்பது 35. இன்று செய்வதற்கும், இரண்டொரு வருடத்தில் நிச்சயம் செய்யப்போவதற்கும் எடுத்தால் போதும். எல்லா வகுப்பிலும் போட்டுவைக்கலாம் என்று யாராவது சொன்னால் அது உங்கள் பணம். தவிர, பதிவு செய்துவிட்டு 5 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அந்தப் பதிவை நீக்கக் கோரவும் மற்றவர்களுக்கு வழி இருக்கிறது.

‘சுத்தமான நெய் ஸ்வீட்ஸ்’ என்று பெயர் வைத்தால் பதிவு கிடைக்குமா?

கஷ்டம். பொருளின் தரத்தையோ, வகையையோ, ஊரையோ சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சட்டம் தயங்கும். பெரிய கம்பெனிகளுக்கும் இதே நியாயம்தான். நூடுல்ஸ் பாக்கெட்டில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்ட ஐடிசி நிறுவனம், ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்ட நெஸ்லே மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020-ல் தோற்றது. மேஜிக் என்பது புகழ்ந்து சொல்லும் சொல், மசாலா எல்லோருக்கும் பொதுவானது, யாரும் தனியுரிமை கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாமி பெயரிலும் புராணப் பெயரிலும் இதே சிக்கல். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனக்கு மட்டும் கேட்டவருக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. முருகன் பெயரிலோ அம்மன் பெயரிலோ கடை வைப்பதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது நம்பிக்கை. ஆனால் அதோடு உங்களுக்கே உரிய இன்னொரு சொல்லைச் சேருங்கள். வேலியாக நிற்கப்போவது அந்தச் சொல்தான்.

தமிழில் பெயர் வைத்தால் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எப்படி வரும் என்று இரண்டையும் யோசியுங்கள். ஒப்பிடும்போது காதில் எப்படிக் கேட்கிறது என்பதையும் அலுவலகம் பார்க்கும். ஒரு எழுத்தை மாற்றினால் தப்பிக்கலாம் என்பது பெரும்பாலும் நடக்காது.

டிஎம் என்று போடலாமா, வட்டத்துக்குள் ஆர் போடலாமா?

டிஎம், அதாவது டிரேட்மார்க் என்பதன் சுருக்கம், இன்றைக்கே போடலாம். வட்டத்துக்குள் ஆர் பதிவுச் சான்று வந்த பிறகுதான். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி தவறு, தண்டமும் உண்டு.

ஏஜென்டிடம் பணம் கொடுத்தேன், ‘அப்ளை ஆகிவிட்டது’ என்கிறார். நான் எதைச் சரிபார்க்க வேண்டும்?

விண்ணப்ப எண்ணை வாங்குங்கள். அரசின் ஐபி இந்தியா தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிலவரம் தெரியும், இதற்குக் கட்டணம் இல்லை. பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர்? உங்கள் பெயரா, மைத்துனர் பெயரா, கூட்டாளிகளில் ஒருவர் பெயர் மட்டுமா? அடுத்து, தொடர்பு மின்னஞ்சல் யாருடையது? அலுவலகத்தின் கடிதங்கள் ஏஜென்டின் மின்னஞ்சலுக்கு மட்டும் போனால், அவர் தொழிலை விட்டுப் போன அன்று உங்கள் விண்ணப்பமும் அநாதை. மூன்றாவது, மேலே சொன்ன பயன்பாட்டுத் தேதி.

இன்னொன்று. உங்கள் சின்னம் இதழில் வெளியானதும் அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, உடனே இவ்வளவு கட்டுங்கள் என்று முன்பின் தெரியாத இடங்களிலிருந்து கடிதம் வரலாம். உங்கள் விண்ணப்ப எண், முகவரி எல்லாம் பொதுவில் இருப்பதால் அதில் சரியாகவே இருக்கும். தளத்தில் நிலவரம் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

பணம் கொடுத்துத்தான் லோகோ வரைந்து வாங்கினேன். அது என்னுடையதுதானே?

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லும்போது வருகிற முகமாற்றத்தை அடிக்கடி பார்க்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை உங்களுக்கு வரும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும் உங்களுடையது. ஆனால் வெளியில் இருக்கும் டிசைனர் வரைந்த லோகோவும் லேபிளும் அப்படி இல்லை. நீங்கள் 3,000 கொடுத்தாலும் 30,000 கொடுத்தாலும், எழுதி வாங்காதவரை பதிப்புரிமை அவரிடம்தான்.

தீர்வு ஒரு பக்கத் தாள். ‘இந்த லோகோவின் பதிப்புரிமையை இன்னாருக்கு இவ்வளவு தொகைக்கு முழுமையாக மாற்றித் தருகிறேன்’ என்று எழுதி டிசைனர் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘ஓகே அண்ணா, எல்லாம் உங்களுடையதுதான்’ என்று வந்த செய்தியை நம்பி இருக்காதீர்கள், சட்டம் எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. அந்தத் தாளில் காலம் எவ்வளவு என்று எழுத மறந்தால் 5 வருடத்துக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை எழுத மறந்தால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற விதியும் இருக்கிறது. அது பொருந்தாது என்றும் எழுதுங்கள். ஆகவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று வார்த்தையாகவே போடுங்கள். மூலக் கோப்பையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

டிசைனர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். பணம் கொடுக்கும் நாளில் கேட்பது சுலபம். ஆறு வருடம் கழித்து, உங்கள் பொருள் துபாய்க்குப் போகும்போது கேட்பது சுலபமில்லை.

நண்பரும் நானும் சேர்ந்து ஆரம்பித்தோம். பத்திரம் எதுவும் போடவில்லை. போட வேண்டுமா?

போடுங்கள், இந்த வாரமே. வாய்ப்பேச்சிலும் கூட்டு உண்டு என்று 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமம். முழு முதலும் நீங்கள் போட்டிருந்தாலும் அப்படித்தான். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டே முடிந்துவிடும். காலம் குறிக்காத கூட்டை ஒருவர் நோட்டீஸ் கொடுத்தே கலைக்கலாம்.

பத்திரத்தோடு நிற்காமல், மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தையும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்று 69-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது சரக்கு வாங்கியவர் பணம் தராவிட்டால் நீதிமன்ற வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இதில் ஒரு விலக்கு தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: டிரேட்மார்க்கைக் காக்கும் வழக்குக்கு இந்தத் தடை இல்லை என்று ஹல்திராம் குடும்பத்தின் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பத்திரத்தில் எல்லோரும் பங்குச் சதவீதத்தை எழுதுகிறார்கள், பெயரை மறந்துவிடுகிறார்கள். பிரியும்போது கடைப் பெயர் யாருக்கு? போன் நம்பர், இன்ஸ்டாகிராம் கணக்கு, சமையல் குறிப்பு யாருக்கு? வெளியே போகிறவர் பக்கத்தில் அதே தொழில் தொடங்கலாமா, எத்தனை வருடம் கூடாது? ஒன்றாக டீ குடிக்கும் காலத்தில் இவற்றைப் பேச அரை மணி நேரம் ஆகும். அண்ணன் தம்பிக்குள்ளும் இதைச் செய்யச் சொல்கிறேன். ‘எங்களுக்குள்ள என்ன பத்திரம்’ என்று சொன்ன குடும்பங்கள்தான் பிறகு ஒரே பெயரை இரண்டாகப் பிளந்து, ‘ஒரிஜினல்’, ‘பழைய ஒரிஜினல்’ என்று போர்டு வைத்துக்கொள்கின்றன. மனசு வலிக்கிறது.

எங்கள் மாஸ்டர் வேலையை விட்டுப் போய் எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டார். தடுக்க முடியுமா?

அவர் அங்கே வேலை பார்ப்பதைத் தடுக்க முடியாது. வேலையை விட்ட பிறகு இன்ன தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ஒருவர் பிழைப்பைக் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் நோக்கம். அது சரியான நோக்கம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ரகசியத்தைக் காப்பது வேறு விஷயம். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது, ஆனால் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்ததை மீறினால் நீதிமன்றம் தலையிடும். பொடி அரைக்கும் அளவு எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அது ரகசியம் ஆகாது. மசாலாக் கலவையை வீட்டிலேயே கலந்து, எண் மட்டும் எழுதிய பாக்கெட்டாகச் சமையலறைக்கு அனுப்புகிற ஓட்டல்கள் உண்டு. அந்தப் பழைய ஏற்பாடு எந்த ஒப்பந்தத்தையும்விட உறுதியானது. அப்புறம் வாடிக்கையாளர் பட்டியல், சப்ளையர் விலை ஆகியவை யார் போனில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

‘எங்கள் பெயரை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், 7 நாளில் நிறுத்துங்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

வந்த தேதியைக் கவரின் மேல் எழுதுங்கள், கவரையும் வையுங்கள். நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல, ஒரு தரப்பின் வாதம். பயப்படவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். அனுப்பியவருக்கு நீங்களே போன் போட்டுச் சண்டை போடவோ, மன்னிப்பு எழுதி அனுப்பவோ கூடாது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பிறகு ஆவணம் ஆகும்.

வக்கீலிடம் போகும் முன் மூன்றைத் தேடி எடுங்கள். அவர்கள் பதிவு எந்த வகுப்பில், எந்தத் தேதியிலிருந்து என்ற விவரம். உங்கள் முதல் பயன்பாட்டுத் தேதிக்கான ஆதாரம். இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம். பெயர் ஒத்திருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ எல்லோருக்கும் தெரியும். பெங்களூரின் ‘நந்தினி டீலக்ஸ்’ ஓட்டல், சில உணவுப் பொருள்களுக்குத் தன் பெயரைப் பதியக் கேட்டபோது கூட்டமைப்பு எதிர்த்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஓட்டல் பக்கம் நின்றது: லோகோ வேறு, பொருள் வேறு, ஓட்டல் பல வருடமாக நல்லெண்ணத்தோடு அந்தப் பெயரில் நடக்கிறது. பாலும் பால் பொருள்களும் மட்டும் ஓட்டலின் பதிவில் சேரவில்லை.

ஆனால் உண்மையிலேயே அவர்கள் முந்தியவர்கள், நீங்கள் தெரியாமல் வைத்துவிட்டீர்கள் என்றால், சீக்கிரம் பேசி முடிப்பதே லாபம். இருக்கும் பாக்கெட்டுகளை விற்றுத் தீர்க்க மூன்று, நாலு மாத அவகாசம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

என் பெயரைக் காப்பியடித்து ஒருவர் விற்கிறார். போலீசில் சொன்னால் போதுமா?

முதலில் அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்குங்கள், பில்லோடு. கடையின் போர்டையும் படம் எடுங்கள். சண்டை அப்புறம்.

டிரேட்மார்க் குற்றத்துக்குப் போலீஸ் சோதனை போட வேண்டுமென்றால் டிஎஸ்பி நிலையில் உள்ளவர் வர வேண்டும், அவரும் முன்கூட்டியே பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். பதிப்புரிமை மீறலில் நிலைமை வேறு, சப்-இன்ஸ்பெக்டரே நகல்களைப் பறிமுதல் செய்யலாம். அதனால் லேபிளையே அப்படியே அச்சடித்திருந்தால் பதிப்புரிமைப் புகார் வேகமான வழி. ஆனால் அந்த லேபிள் உங்கள் பெயரில் இருக்க வேண்டுமே! டிசைனரிடம் வாங்கச் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் சிவில் வழக்குதான். மாவட்ட நீதிமன்றத்திலோ, சென்னை எல்லைக்குள் என்றால் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவிலோ போடலாம். பதிவு பெற்றவர் தான் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம், காப்பியடித்தவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். உடனடித் தடை கேட்கிறீர்கள் என்றால் நேராக நீதிமன்றம் போகலாம். அவசரம் இல்லாத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போய்வருவது கட்டாயம். எனவே தெரிந்த உடனே வர வேண்டும். எட்டு மாதம் கழித்து வந்து ‘அவசரம்’ என்றால் நீதிபதி நம்பமாட்டார்.

மணப்பாறையில் முறுக்குப் போடுகிறோம். புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்கிறார்களே, அது எங்களுக்கும் உண்டா?

தானாக வராது, ஆனால் கேட்டுப் பெறலாம். மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திண்டுக்கல் பூட்டு என்று தமிழ்நாட்டில் பல பொருள்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இது தனியாள் சொத்து அல்ல, அந்தப் பகுதியில் அந்த முறையில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. பதிவு பொதுவாக ஒரு சங்கத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர்’ என்று உங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால்தான் குறியீட்டைச் சட்டப்படி லேபிளில் போடவும், போலிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் முடியும். இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டு அலுவலகமே கிண்டியில்தான் இருக்கிறது. வீட்டு வாசலில் அலுவலகம் இருந்தும் நம் உற்பத்தியாளர்கள் பலர் இந்த இரண்டாவது படியை ஏறாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம். உங்கள் சங்கத்தில் இன்றே கேளுங்கள்.

இதோடு உங்கள் சொந்த பிராண்டுப் பெயருக்கு டிரேட்மார்க்கும் தனியாக எடுக்கலாம். ஒன்று ஊருக்கு, ஒன்று உங்களுக்கு.

புதிய மாதிரி அடுப்பு செய்திருக்கிறேன். பேடன்ட் எடுக்கலாமா?

ஒரே ஒரு விஷயம் முதலில்: யாரிடமும் காட்டாதீர்கள். யூடியூபில் போட்ட பிறகு, கண்காட்சியில் வைத்த பிறகு, நாலு பேருக்கு விற்ற பிறகு புதுமை போய்விட்டது என்று மறுப்பார்கள். அது வேலை செய்யும் விதம் புதிது என்றால் பேடன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான தனியுரிமை, 20 வருடம். வடிவம் மட்டும் புதிது என்றால் டிசைன் பதிவு, 10 வருடம், மேலும் 5 வருடம் நீட்டலாம். டிசைன் சுலபம், செலவும் குறைவு. சிறுதொழிலுக்கு பேடன்ட் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. மத்திய அரசின் சிறுதொழில் திட்டங்களில் டிரேட்மார்க், பேடன்ட் செலவைத் திருப்பித் தரும் உதவியும் இருந்துவருகிறது, மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேளுங்கள்.

சரக்கு அனுப்பி ஆறு மாதம் ஆகிறது, பெரிய கம்பெனி பணம் தரவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இங்கே உங்கள் பக்கம் மிக வலுவாக நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 90 நாள் என்று அவர்கள் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக.

தாமதமாகும் பாக்கிக்கென்று இருக்கும் அரசுத் தளத்தில் புகார் போடலாம். அது சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வட்டார வசதியாக்க மன்றங்களில் ஒன்றுக்குப் போகும். முதலில் சமரசம், முடியாவிட்டால் மன்றமே தீர்ப்புச் சொல்லும். அதை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே பல கம்பெனிகள் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுகின்றன.

கவனிக்க இரண்டு. இந்தப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் சான்று இருந்தாலும் இது கிடைக்காது. அடுத்து, சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவு செய்தவர்கள் நீதிமன்றங்களில் நிறைய அல்லல்பட்டிருக்கிறார்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

வக்கீல் வைக்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை. வேறு வழி?

டிரேட்மார்க் விண்ணப்பத்தை நீங்களே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆட்சேபம் வந்தால் அல்லது எதிர்ப்பு வந்தால் மட்டும் பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்டையோ வக்கீலையோ பாருங்கள். ஏஜென்ட் பதிவு அலுவலகம் வரைதான் வர முடியும், நீதிமன்றத்துக்கு வக்கீல்தான். கட்டணத்தை முதலிலேயே படிப்படியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பத்துக்கு எவ்வளவு, ஆட்சேப பதிலுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு. இப்படிக் கேட்டால் நல்ல வக்கீல் யாரும் தவறாக நினைக்கமாட்டார்.

அதற்கும் வழி இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து மாவு அரைத்து விற்கும் அக்காக்களும், சுயஉதவிக் குழுவில் சோப்பு செய்யும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். குடும்ப வழக்குக்கு மட்டும்தான் அந்த அலுவலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழில் தகராறுக்கும் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். போகும்போது அந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.